கர்ட்டிஸ் மான்ட்ரோனிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப் ஹாப் வரலாற்றைப் பற்றி யாரிடம் பேசினாலும் ராப் பாடியவர்களின் பெயர்தான் முதலில் வரும். அடியில் ஓடும் தாள இசையான பீட்டைப் போட்டவர்கள் இரண்டாம் வரிசைதான். அந்த இரண்டாம் வரிசையிலும் இடம் கிடைக்காமல் போனவர் கர்ட்டிஸ் மான்ட்ரோனிக். 1985 முதல் 1988 வரை நியூயார்க்கில் அவர் செய்த வேலையை நான் பல வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். யாரிடமாவது அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த மான்ட்ரோனிக்?

இயற்பெயர் கர்ட்டிஸ் எல் கலீல். 1965-இல் ஜமைக்காவில் பிறந்தவர். அம்மா ஜமைக்காக்காரர், அப்பா சிரியாக்காரர். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவுக்குப் போனது; 1970-களின் கடைசியில் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தது. மனிதன், மின்னணு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டித்தான் மான்ட்ரோனிக் என்ற பெயரை உருவாக்கிக்கொண்டார்.

1984-இல் மன்ஹாட்டனில் டவுன்டவுன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையில் டிஜேயாக வேலை. புதிதாக வந்த தட்டுகளைக் கடைக்குள் போட்டுக்காட்டுவதுதான் அந்த வேலை. வாடிக்கையாளர் வேறு எதையோ புரட்டிக்கொண்டிருப்பார். ஒரு டிரம் அடி விழுந்ததும் தலை நிமிரும், "இது என்ன தட்டு?" என்று கேட்பார். எந்த நொடியில் அந்தத் தலை நிமிர்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு பெரிய படிப்பு. அவருடைய பாடல்களில் அடுத்தடுத்து ஆளைப் பிடித்து நிறுத்தும் இடங்கள் வந்துகொண்டே இருப்பதற்கு அந்தக் கடை ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மான்ட்ரோனிக், மான்ட்ரோனிக்ஸ் இரண்டும் ஒன்றா?

மான்ட்ரோனிக் ஆள், மான்ட்ரோனிக்ஸ் குழு. அந்தக் கடையில்தான் எம்சி டீ அவருக்குப் பழக்கமானார். ஹெய்ட்டியில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த ராப் பாடகர், மெல்லிய, துள்ளலான குரல். இருவரும் சேர்ந்து ஒரு டெமோ தயாரித்தார்கள். ஸ்லீப்பிங் பேக் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1985-இல் 'ஃப்ரெஷ் இஸ் தி வேர்டு' வந்தது. அதே வருடம் முதல் ஆல்பம், பெயரே 'தி ஆல்பம்' தான். 1986-இல் 'மியூசிக் மேட்னஸ்'. 1988-இல் கேப்பிட்டல் என்ற பெரிய நிறுவனத்தில் 'இன் ஃபுல் எஃபெக்ட்'.

அவருடைய பாட்டில் அந்த பேஸ் எங்கிருந்து வருகிறது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பேஸ் என்பது அடியில் கனமாக அதிரும் தாழ்ந்த ஒலி. அதைப் புரிந்துகொண்டால்தான் மான்ட்ரோனிக்கைப் புரியும்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை 1,195 டாலர். அப்போது உண்மையான டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்திருந்த லின் மெஷின் ஏறத்தாழ 5,000 டாலர். 808-இல் பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. எல்லா ஒலியையும் அதற்குள் இருக்கும் மின்சுற்றுகளே உண்டாக்கும். அதனால் அது நிஜ டிரம் மாதிரியே இல்லை என்று பலரும் ஒதுக்கினார்கள். 1983-இல் ரோலண்ட் அதை நிறுத்திவிட்டது. மொத்தம் செய்தது சுமார் 12,000 மெஷின்கள். ஒதுக்கப்பட்டதால் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. கையில் காசில்லாத இளைஞர்களிடம் அது போய்ச் சேர்ந்த வழி அதுதான்.

முன்பக்கத்தில் கீழே 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. ஒரு தாளச் சுற்றின் 16 இடங்கள் அவை. எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். தாளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதிலிருக்கும் பேஸ் டிரம்தான் விஷயமே. கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது எப்படித் தானாக அதிர்ந்து அடங்குகிறதோ, அதேபோல ஒரு மின்சுற்றுக்கு ஒரே ஒரு தட்டல் கொடுத்துவிட்டு அதிரவிடுகிறார்கள். அந்த அதிர்வு 50 ஹெர்ட்ஸுக்கு அருகில். எவ்வளவு நேரம் அதிர வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. குறைத்து வைத்தால் 'தொப்' என்று ஒரு அடி. கூட்டக் கூட்ட அது 'தூ...ம்' என்று நீண்டு, டிரம் அடி என்ற நிலையிலிருந்து பேஸ் கிதாரின் சுரம் போல ஆகிவிடும். தாளமும் அடிச்சுருதியும் ஒரே ஒலியில் வந்துவிடுகின்றன.

1982-இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டா என்ற டிஜேயின் 'பிளானட் ராக்' 808-ஐ நியூயார்க் முழுக்கக் கேட்கவைத்தது. மான்ட்ரோனிக் அதற்கு அடுத்த படி ஏறினார். மற்ற இசைக்கருவிகளைக் குறைத்துவிட்டு, அந்த நீண்ட பேஸுக்கே நடுக்கூடத்தைக் கொடுத்தார். முதல் ஆல்பத்தில் 'பேஸ்லைன்' என்றே ஒரு பாட்டு. 1986-இல் டி லா ராக் என்ற ராப் பாடகருக்காக அவர் தயாரித்த பாட்டின் பெயர் 'பேஸ் மெஷின்'. பெயர்களைப் பார்த்தாலே அவர் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது.

ஜப்பானிய இசைக்கலைஞர் ரியூச்சி சகமோட்டோ 1980-இல் வெளியிட்ட 'ரயட் இன் லாகோஸ்' தன்னைப் பாதித்தது என்று மான்ட்ரோனிக் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு 'பேஸ்லைன்' கேளுங்கள். மின்னொலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இரண்டிலும் ஒரே ஜாடை.

போனில் போட்டுக் கேட்டேன். பேஸ் ஒன்றும் பெரிதாக இல்லையே?

போன் ஸ்பீக்கரில் அது இருக்கவே முடியாது. 50 ஹெர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். நகம் அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. மேலே இருக்கும் 'டிக் டிக்' மட்டும்தான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

நானும் முதலில் 'பேஸ்லைன்' கேட்டது மலிவான இயர்போனில். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நண்பர் ஒருவரின் காரில், பின்பக்கம் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் வைத்திருந்தார், அதே பாட்டைப் போட்டோம். கதவுக் கைப்பிடியில் கை வைத்திருந்தேன். காதுக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்தது. அன்றைக்குத்தான் இந்த இசை எங்கே ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டது என்று புரிந்தது. நல்ல ஹெட்போன் இருந்தாலும் போதும். ஆனால் ஒருமுறையாவது பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்கிராட்ச்சைக் கண்டுபிடித்தவர் இவரா?

இல்லை. அந்தப் பெருமை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த கிராண்ட் விஸார்டு தியடோருக்குத்தான் போக வேண்டும். 1975 வாக்கில், பன்னிரண்டு வயதுப் பையன், வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா வந்து திட்ட, ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினான். பேச்சு முடியும்வரை கை சும்மா இருக்கவில்லை, தட்டை முன்னும் பின்னுமாக ஆட்டியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. அதைப் பழகி, பிறகு கூட்டத்துக்கு முன்னால் செய்துகாட்டினான். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் 1981-இல் தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிள்களை மட்டுமே வைத்து ஒரு முழுப் பாட்டையே வெளியிட்டார். 1983-இல் ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்'டில் கிராண்ட்மிக்ஸர் டிஎஸ்டி செய்த ஸ்கிராட்ச் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மான்ட்ரோனிக் வந்தது இவர்களுக்கெல்லாம் பிறகு.

ஸ்கிராட்ச் என்பது உண்மையில் என்ன? தட்டு கெட்டுப்போகாதா?

ஊசி பள்ளத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. பள்ளத்துக்குள்ளேயே தட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். வேகமாகத் தள்ளினால் சுருதி ஏறும், மெதுவாக இழுத்தால் இறங்கும். இன்னொரு கை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியில் இருக்கும் கிராஸ்ஃபேடர் என்ற நகரும் குமிழைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். எந்தத் துண்டு கேட்க வேண்டும், எது கேட்கக்கூடாது என்று தீர்மானிப்பது அந்தக் கைதான். உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒலியை வளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்புக்குப் பதிலாக வழுக்கும் துணி வட்டம் போடுவார்கள். அப்போதுதான் கை தட்டைப் பிடித்தாலும் கீழே தளம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கையை எடுத்த கணமே பாட்டு முழு வேகத்தில் ஓடும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் டிஜேக்களின் கைக்கு அப்படிப் பொருந்தியதற்குக் காரணம், அதில் பெல்ட் கிடையாது, மோட்டாரே நேரடியாகத் தளத்தைச் சுற்றுகிறது. பெல்ட் வைத்த பழைய டர்ன்டேபிள் ஒன்றில் நான் பழகப் பார்த்தேன். தட்டை விட்டதும் பாட்டு இழுத்து இழுத்துத்தான் வேகம் பிடித்தது. தாளத்தில் உட்காரவே இல்லை.

தட்டு கெடுமா என்றால், ஆமாம், தேயும். ஒரே இடத்தை ஆயிரம் முறை தேய்த்தால் அந்த இடத்தில் இரைச்சல் ஏறும்.

அப்படியானால் ஸ்கிராட்ச்சில் மான்ட்ரோனிக் புதிதாக என்ன செய்தார்?

மற்றவர்களிடம் ஸ்கிராட்ச் என்பது பாட்டின் மேல் வரும் வித்தை. ராப் நிற்கும், டிஜே தன் கைவரிசையைக் காட்டுவார், மறுபடி ராப் தொடரும். மான்ட்ரோனிக்கிடம் ஸ்கிராட்ச் டிரம் மெஷினின் இன்னொரு ஒலியாக மாறிவிட்டது. 808-இன் 16 இடங்களில் பேஸ் எங்கே, கைதட்டல் ஒலி எங்கே என்று முடிவு செய்வதுபோலவே கீறல் எங்கே என்பதையும் முடிவு செய்தார்.

குரலுக்கும் அதே கதிதான். 'ஃப்ரெஷ்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்து 'ஃப்-ஃப்-ஃப்ரெஷ்' என்று துண்டு துண்டாக்கித் தாளத்தில் பதித்தார். சொல்லின் பொருள் போய் அதன் முதல் மெய்யொலி டிரம் குச்சியாக ஆகிவிடுகிறது. டர்ன்டேபிளில் கை செய்வதை சாம்பிளர் (ஒலித்துண்டைப் பதிந்து வைத்து வேண்டியபோது ஒலிக்கவைக்கும் கருவி) செய்தது, சாம்பிளர் செய்வதைக் கை செய்தது. சில இடங்களில் இது கையா மெஷினா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 'நீடில் டு தி க்ரூவ்' பாட்டைக் கேளுங்கள். ஊசியும் பள்ளமும்தான் பாட்டின் பொருளே.

மெகாமிக்ஸ், எடிட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

பதிந்த டேப்பை வெட்டி ஒட்டுவதுதான் எடிட்; பல பாட்டுகளின் துண்டுகளை ஒரே பாட்டாகக் கோப்பது மெகாமிக்ஸ். டிரம் மெஷினுக்கும் டர்ன்டேபிளுக்கும் அடுத்து இதில் மூன்றாவதாக ஒரு கருவி உண்டு: சவர பிளேடு. அதைப் பிடித்த கை செப் நூன்யெஸ் என்பவருடையது. மான்ட்ரோனிக்ஸ் தட்டுகளில் டேப் எடிட் செய்தவர். அவர் பெயரையும் இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மான்ட்ரோனிக்கையாவது சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்போது முடிந்த பாட்டு ரீல் டேப்பில் இருக்கும். டேப் வினாடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் ஓர் அடியின் நீளம் டேப்பில் 19 சென்டிமீட்டர். அதில் கால் பாகம், அதாவது 808-இல் ஒரு பொத்தானின் அளவு, 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஒலி தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் டேப்பின் முதுகில் கோடு போட்டு, உலோகக் கட்டையில் வைத்துச் சாய்வாக வெட்டி, சுண்டுவிரல் நீளத் துண்டுகளை வரிசையாக ஒட்டுவார்கள். அப்படி ஒட்டியதை ஓடவிட்டால் குரல் இயந்திரத் துப்பாக்கிபோல வெடிக்கும். தவறாக வெட்டினால் மறுபடி ஒட்டி, மறுபடி வெட்ட வேண்டும்.

ரீலை முன்னும் பின்னும் உருட்டுவதும் தட்டை முன்னும் பின்னும் உருட்டுவதும் ஒரே கை வேலை என்பதைக் கவனியுங்கள். முதல் ஆல்பத்தில் இருக்கும் 'மெகா-மிக்ஸ்' அந்த இரண்டும் சேர்ந்த பாட்டு.

பிறகு காலம் மாறியது. 1988-இல் வந்த 'இன் ஃபுல் எஃபெக்ட்', டிஜிட்டல் ஆடியோ டேப்பிலிருந்து மாஸ்டர் (அச்சடிப்பதற்கான மூலப் பிரதி) செய்யப்பட்ட முதல் ஆல்பங்களில் ஒன்று. அந்தப் புது டேப்பில் பிளேடுக்கு வேலை இல்லை.

தனக்காக மட்டும்தான் செய்தாரா, மற்றவர்களுக்கும் செய்தாரா?

நிறையச் செய்தார். 1986-இல் ராப் பாடகர் ஜஸ்ட்-ஐஸின் 'பேக் டு தி ஓல்டு ஸ்கூல்' ஆல்பம் அவர் தயாரிப்பு. முரட்டுக் குரலுக்கு ஏற்ற முரட்டு பீட். அதே வருடம் அதற்கு நேர் எதிர்த் திசையில் ஜாய்ஸ் சிம்ஸ் என்ற பாடகிக்கு 'ஆல் அண்ட் ஆல்'. இனிமையான காதல் பாட்டுக்கு அடியில் அதே இரும்பு 808. ஜாய்ஸ் சிம்ஸ் பிறகு பாடிய 'கம் இன்டு மை லைஃப்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. தெரு ராப்புக்கும் நடன அரங்குப் பாட்டுக்கும் ஒரே ஆள் ஒரே மெஷினை வைத்துக்கொண்டு வேலை செய்தது அன்றைக்கு அபூர்வம்.

நான் இவர் இசையைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வாய்ப்பு உண்டா?

பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல்.

ஸ்னாப் குழுவின் 'தி பவர்' 1990-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. விளம்பரங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் இன்னும் ஒலிக்கிறது. அதில் மான்ட்ரோனிக்ஸின் 'கிங் ஆஃப் தி பீட்ஸ்' சாம்பிளாக இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் பெக் 1996-இல் வெளியிட்ட 'வேர் இட்ஸ் அட்' பாட்டில் இரண்டு டர்ன்டேபிளும் ஒரு மைக்கும் பற்றி மெஷின் குரலில் வரும் வரியை உலகமே கூடப் பாடியது. அந்த வரி 'நீடில் டு தி க்ரூவ்'விலிருந்து எடுத்தது. 2002-இல் லிபர்ட்டி எக்ஸ் குழு பாடிப் புகழ்பெற்ற 'காட் டு ஹேவ் யுவர் லவ்', 1990-இல் பிரிட்டனில் பிரபலமான மான்ட்ரோனிக்ஸ் பாட்டின் மறுபதிப்பு. வான்ட்ரஸ் பாடிய மூலப் பாட்டும் பிரிட்டனில் 4-ஆம் இடம்வரை போனது.

'கிங் ஆஃப் தி பீட்ஸ்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1988-இல் ஒரு சிங்கிளின் (ஒற்றைப் பாட்டுக்காக வரும் தட்டின்) பின்பக்கத்தில் வந்த பாட்டு அது. ராப் கிடையாது. பழைய தட்டுகளின் துண்டுகள், கத்தல்கள், டிரம் அடிகள், அவ்வளவுதான். அதில் 'ஆமென் பிரேக்' இருக்கிறது. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிந்த 'ஆமென், பிரதர்' பாட்டின் நடுவே கிரகரி கோல்மன் வாசித்த, ஏறக்குறைய ஆறு நொடி நீளமுள்ள டிரம் துண்டு அது. பிற்பாடு பிரிட்டனில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இரண்டு இசை வகைகளே அதன் மேல் எழுந்தன. அந்தத் துண்டை எடுத்து, அப்படியே ஓடவிடாமல் வெட்டி மாற்றி அடுக்கிய ஆரம்பகாலத் தட்டுகளில் ஒன்று 'கிங் ஆஃப் தி பீட்ஸ்'. இங்கிலாந்தின் ராக்டேலிலிருந்து வந்த ஆட்டெக்கர் என்ற மின்னிசை இரட்டையர் சிறுவயதில் மான்ட்ரோனிக்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். வெட்டி அடுக்குவதை அவர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்பது அவர்களுடைய ஆல்பங்களில் இருக்கிறது.

இவ்வளவு செய்தவரை ஏன் மறந்தார்கள்?

இது என் கருத்து. 1987, 88-இல் ஹிப் ஹாப்பின் காது திரும்பியது. ஜேம்ஸ் பிரவுன் தட்டுகளிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்ட லூப்களும், அரசியல் பேசும் வரிகளும், தெருவைச் சொல்லும் கதைகளும் முன்னுக்கு வந்தன. நியாயமான மாற்றம்தான், பெரிய கலைஞர்கள் அதிலிருந்து வந்தார்கள். ஆனால் அந்தக் காதுக்கு 808-இன் மின்னொலி பழையதாகிப்போனது. எம்சி டீயின் வரிகளும் பீட்டுக்குத் துணையாக நின்றவை. மேற்கோள் காட்டுகிற மாதிரி இருக்காது. வரலாறு எழுதியவர்களோ வரிகளை வைத்துத்தான் எழுதினார்கள்.

எம்சி டீ 'இன் ஃபுல் எஃபெக்ட்'டுக்குப் பிறகு அமெரிக்க விமானப்படையில் சேர்ந்துவிட்டார். மான்ட்ரோனிக் அவருக்குப் பதிலாக ராப் பாடகர் பிரைஸ் வில்சனைச் சேர்த்துக்கொண்டு நடனப் பாடல்கள் பக்கம் போனார். பிரிட்டனில் வரவேற்பு, சொந்த ஊரில் 'இவர் நம்ம ஆள் இல்லை' என்ற பார்வை. ஸ்லீப்பிங் பேக் நிறுவனமும் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் தென்பகுதி ராப் 808-இன் நீண்ட பேஸை மறுபடி நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு நியூயார்க்கிலும் ஒரு தகப்பன் உண்டு என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு இது இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

1991-க்குப் பிறகு என்ன ஆனார்?

'தி இன்கிரெடிபிள் சவுண்ட் மெஷின்' ஆல்பத்துடன் மான்ட்ரோனிக்ஸ் முடிந்தது. சில வருடம் இசையை விட்டே ஒதுங்கியிருந்தார். 1998-இல் 'ஐ சிங் தி பாடி எலக்ட்ரோ' என்ற தனி ஆல்பத்துடன் திரும்பினார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

முதலில் 'ஃப்ரெஷ் இஸ் தி வேர்டு'. குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடியுங்கள். அடுத்து 'பேஸ்லைன்', இதற்குச் சப்வூஃபர் அவசியம். பிறகு 'நீடில் டு தி க்ரூவ்'. இதெல்லாம் பழகிய பிறகு 'கிங் ஆஃப் தி பீட்ஸ்' போடுங்கள், முன்னால் போட்டால் வெறும் குழப்பமாகத் தெரியும். ஜஸ்ட்-ஐஸும் ஜாய்ஸ் சிம்ஸும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டியவை. இரண்டு பாட்டின் அடியிலும் ஒரே கை இருப்பது மூன்றாம் தடவை கேட்கும்போது தெரியவரும்.